பின்சீட்டில் ஓர் அரிசி மூட்டை

நவம்பர் 17, திங்கள்

இன்று முடவன் முழுக்கு. ஐப்பசி முழுவதும் காவிரியில் முழுக வராமல், நேற்றைய கடைமுழுக்கையும் தவறவிட்டவர்களுக்காக மயிலாடுதுறையில் கூடுதலாக ஒரு நாள். எப்போதோ ஒரு முடவன் தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட, அவனுக்காகச் சாமி ஒரு நாளை நீட்டிக் கொடுத்தாராம். ஊர் முழுக்கக் கூட்டம். எங்கள் பார்சல் ஆபீஸ் வாசலில் பொரிக்கடையும் பலூன்காரனும் குடியேறிவிட்டார்கள். லாரி உள்ளே வர வழியில்லை. டிரைவரோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

டெலிவரி கவுண்டர் தையல்நாயகி மேடம் கூறைநாட்டிலிருந்து வழக்கம்போல நடந்தே வந்தார். விடியற்காலையிலேயே முழுக்குப் போட்ட ஈரத்தலை. "லேட்டா வர்றவங்களுக்கும் ஒரு நாள் எடுத்து வச்சிருக்காங்க பாருங்க சார். நல்ல ஊரு இது" என்றார். பஸ் என்றால் அவருக்கு ஆகாது. டீசல் வாடை மூக்கில் ஏறினாலே குமட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் எங்கே போனாலும் நடைதான்.

மத்தியானம் சாப்பிடும்போது, பொங்கல் முடிந்ததும் ஓசூருக்கு, மகன் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னார். "வா வான்னு நச்சரிக்கிறான் சார். இங்க எனக்குன்னு யாரு இருக்கா, சொல்லுங்க?" என்று கேட்டார்.

"நல்லதுங்க மேடம்" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் குடும்பம், அவர் முடிவு. எனக்கு இதில் ஒன்றும் இல்லை.

போவதற்கு முன் தரங்கம்பாடிக் கடலை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். கல்யாணமான புதிதில், காலமாகிவிட்ட கணவரோடு ஒரே ஒரு தடவை பஸ்ஸில் போயிருக்கிறார். "பார்த்தேன்னு சொல்ல முடியாது சார். அன்னைக்குப் பூரா தலையைக் குனிஞ்சுக்கிட்டு மண்ணைத்தான் பார்த்தேன்" என்று சிரித்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறத்தில் கிடந்த பழைய சைக்கிளைத் தூக்கி முற்றத்தில் போட்டேன். எனக்கும் ஐம்பத்தைந்து ஆகிறது. உடம்புக்கு ஏதாவது பயிற்சி வேண்டாமா? அதற்காகத்தான்.

நவம்பர் 18

டயர் இரண்டும் மக்கிவிட்டன. ஒரு பெடலில் வெறும் கம்பிதான் மிச்சம். பெல் மட்டும் கணீரென்று அடிக்கிறது.

நவம்பர் 20

சைக்கிளைப் பட்டமங்கலத் தெரு ஜலால் பாய் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். பாய் வெல்டிங்கும் செய்வார், சைக்கிளும் பார்ப்பார். இரண்டையும்விடப் பேச்சு நன்றாக வரும். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எந்தக் கெணத்துலேர்ந்துண்ணே எடுத்தீங்க?" என்றார்.

எனக்கு வேண்டியதைச் சொன்னேன். தினமும் ஆபீஸ் போய்வரத் தோதாக இருக்க வேண்டும். லீவு நாளில் தரங்கம்பாடி மாதிரி ஒரு ஊருக்குப் போய்த் திரும்பினாலும் தாங்க வேண்டும். மிதிக்க லேசாக இருக்கும்படி பின்னால் பெரிய பல்சக்கரம், கனமான ஸ்போக்ஸ், நல்ல பிரேக். கேரியர் இரும்புப் பட்டையில் இருக்க வேண்டும், அதன் மேல் பஞ்சு வைத்த சீட்டு. பிடித்துக்கொள்ள ஒரு வளையம். கால் வைக்க இடப்பக்கம் ஒரு பலகை. சக்கரத்தில் எதுவும் சிக்காமலிருக்கச் சேலை கார்டு.

பாய் காதில் செருகியிருந்த பென்சிலை எடுக்கவே இல்லை. "சேலை கார்டு எதுக்குண்ணே? நீங்க வேட்டிதானே கட்டுறீங்க?"

"வேட்டியும் சிக்கும் பாய்."

"பின்னாடி ஒக்கார்ற வேட்டி எதுண்ணே?"

நான் தெருவைப் பார்த்தேன். அப்புறம், பலகை சாமான் வைக்கத்தான் என்று சொன்னேன். "ஒரு பக்கம் மட்டும் பலகைன்னா அது லேடீஸ் ஒக்கார்றதுண்ணே. சாமான் ஒருக்களிச்சா ஒக்காரப் போவுது?" என்று பாய் கேட்டார். இந்த மனிதரிடம் வேலை கொடுப்பதே தப்பு. ஆனால் வெல்டிங் நிற்கும்.

நவம்பர் 23, ஞாயிறு

பல்சக்கரம், ஆக்ஸில், பெடல் எல்லாவற்றையும் பாயிடமிருந்து வாங்கி வந்து நானே மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். துரு போகப் போக உள்ளே வெள்ளி மாதிரி ஒரு மினுக்கம். கை விரல் எல்லாம் கறுப்பு. மனைவி செண்பகம் போய்ப் பதினொரு வருடமாகிறது. இருந்திருந்தால் இந்த வாடைக்கு என்னை வீட்டைவிட்டே துரத்தியிருப்பாள். நாள் முழுக்க விசிலடித்துக்கொண்டிருந்தேன் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 27

சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர் எடை பார்த்துவரச் சொன்னாராம். தையல்நாயகி மேடம் எங்கள் ஆபீஸ் எடை மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். "பார்சல் எங்கே போவணும்னு எழுதிடாதீங்க சார்" என்றார். ஐம்பத்தெட்டு கிலோ.

இருபத்தேழு வருடமாக நான் புக்கிங் கிளார்க். எடை போடாமல் எதையும் ஏற்றியதில்லை. எந்த மூட்டை எங்கே சாயும், எந்தக் கட்டு எங்கே அவிழும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தப் பழக்கத்தில் அந்த எண் மனதில் பதிந்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

நவம்பர் 28

அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது அவருடைய ஸ்டூலிலிருந்து தரை வரை டேப்பால் அளந்துகொண்டிருந்தேன். கால் பலகை சரியான உயரத்தில் இருக்க வேண்டாமா? மேனேஜர் வந்துவிட்டார்.

"என்ன கலியபெருமாள், ஸ்டூலுக்குச் சட்டை தைக்கிறீங்களா?"

"ஆடுது சார். புதுசு வாங்கலாமான்னு பார்த்தேன்."

"உங்க நாற்காலியில முதுகே இல்ல. அதை ஒரு நாளும் அளக்கலையே!"

சாயங்காலத்துக்குள் கவுண்டருக்குப் புது ஸ்டூல் வந்துவிட்டது. அது பழையதைவிடச் சின்னது. அதையும் அளந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 3

மூன்று நாளாக மழை. லாரி ஒன்றும் வரவில்லை. சும்மா பேச்சுவாக்கில், "மேடம், உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டேன். எதற்கு என்றார். பார்சல் கட்டும் நாடாவுக்கு என்றேன். "நாடாவுக்கு எதுக்கு சார் என் கலரு? மாம்பழ மஞ்சள்" என்றார்.

பாயிடம் சீட்டுக்கு மாம்பழ மஞ்சள் ரெக்சின் போடச் சொன்னேன். "மூணே நாள்ல அழுக்காயிடும்ணே" என்றார். அழுக்கானால் துடைத்துக்கொள்கிறேன் என்றேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

பாயோடு பெரிய சண்டை. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இருந்த குறுக்குக் கம்பியை என்னைக் கேட்காமலே அறுத்து, சரிவாக இறக்கி வெல்டு வைத்திருக்கிறார். நல்ல ஜென்ட்ஸ் சைக்கிளை லேடீஸ் சைக்கிளாக்கிவிட்டார்!

"வயசாவுதுல்லண்ணே. காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. இது சொகமா இருக்கும்" என்றார். என் வயதைப் பற்றி இவருக்கு என்ன? அது போதாதென்று முன்சீட்டுக்குக் கீழே போல்ட்டை எடுத்துவிட்டு ஒரு கைப்பிடி வைத்திருக்கிறார். திருகினால் சீட்டை ஒரு நொடியில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாமாம். "யார் ஓட்டினாலும் சௌகரியம்" என்கிறார். ஓட்டப்போவது நான் ஒருவன். என் கால் நாளுக்கு நாள் வளருமா, குறையுமா?

கத்தி முடித்துவிட்டு ஏறி ஒரு சுற்றுப் போனேன். பெரிய பல்சக்கரம் அவ்வளவு லேசாக இருந்தது. பட்டமங்கலத் தெரு முழுக்கக் காலுக்கு வேலையே தெரியாமல் போனேன். வெயிலில் பின்சீட்டு மஞ்சள் பளபளவென்று தெரிந்தது. திரும்பி வந்ததும் பாயிடம் கத்தினதற்காக டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் ஏனோ சிரித்துக்கொண்டே குடித்தார்.

டிசம்பர் 11

நான் எடை போடாமல் ஏற்றாத ஆள். சோதிக்காமலும் ஏற்ற மாட்டேன். வெறும் சைக்கிள் ஓட்டுவது வேறு, பின்னால் பாரம் வைத்து ஓட்டுவது வேறு. எனவே வீட்டிலிருந்த பொன்னி அரிசியை ஆபீஸில் கிடந்த ஒரு கெட்டியான பழைய கோணியில் அளந்து போட்டுக் கட்டினேன். சரியாக ஐம்பத்தெட்டு. பின்சீட்டில் நிமிர்த்தி வைத்து, இடுப்பில் ஒரு கட்டு, தோளில் ஒரு கட்டு.

கிளம்பிய உடனே மூட்டை வலப்பக்கம் சாய்ந்தது. நான் இடப்பக்கம் சாய்ந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து வாய்க்கால் ஓரம் புல்லில் விழுந்தோம். முழங்கையில் சிராய்ப்பு. அரிசிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் முக்கியம்.

டிசம்பர் 14, ஞாயிறு

செம்பனார்கோயில் வரை அரிசியோடு போய்வந்தேன். இப்போது பழகிவிட்டது. திரும்பும்போது முன்பே சாய்ந்து கொடுக்க வேண்டும். பிரேக்கை மெல்லத் தொட வேண்டும். வேகத்தடையில் எழுந்து நின்று மிதிக்க வேண்டும், பின்னால் இருக்கும் மூட்டை பாவம்.

பரசலூர் பிரிவுக்குக் கிட்டே, "பள்ளம் வருது, நல்லாப் பிடிச்சுக்குங்க" என்று நானே வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். நல்லவேளை, அந்தப் பக்கம் ஓர் ஆட்டுக்குட்டிதான் இருந்தது.

டிசம்பர் 18

தினமும் மூட்டையோடு ஆபீஸ் வருகிறேன், மூட்டையோடு வீட்டுக்குப் போகிறேன். மன்னம்பந்தலிலிருந்து ஆபீஸுக்கு நேர் ரோடு இருக்கிறதுதான். நான் ஆபீஸைத் தாண்டி அந்தக் கோடிக் கூறைநாடு வரை போய்த் திரும்பி வருகிறேன். கொஞ்சம் சுற்று. ரோடு நன்றாக இருக்கிறது, அதனால்.

டீக்கடையில் கேட்டார்கள்: "அண்ணே, அரிசிக்கு எந்த செக்‌ஷன்ல வேலை போட்டுக் குடுத்திருக்கீங்க?"

மத்தியானம் தையல்நாயகி மேடம் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றார். "இது என்ன சார்?"

"லோடு டெஸ்ட் மேடம்."

குனிந்து பலகையைப் பார்த்தார். "மூட்டைக்குக் கால் வைக்க எடமெல்லாம் போட்டிருக்கீங்க."

"டிசைன் அப்படி."

மஞ்சள் சீட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கவுண்டருக்குள் போய்விட்டார். தோள் குலுங்கிற்று. தூசி பட்டு இருமல் வந்திருக்கும்.

டிசம்பர் 22

மகன் டிக்கெட் போட்டுவிட்டானாம். ஜனவரி 19, ரயில். எனக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. நேற்றைய சாம்பார் கெட்டுப்போயிருக்கும்.

டிசம்பர் 28, ஞாயிறு

உட்கார்ந்து எழுதவே கை வரமாட்டேன் என்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

காலையில் அரிசியோடு ஆக்கூர் முக்கூட்டைத் தாண்டியிருப்பேன். திருக்கடையூர் வரை பார்த்துவிட்டால் தரங்கம்பாடி கைக்கெட்டின மாதிரிதான் என்று நினைத்தபடி மிதித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜீப் குறுக்கே வந்து நின்றது. ரேஷன் அரிசி கடத்தல் பிடிக்கிற பறக்கும் படை. காரைக்கால் பக்கம் அரிசி போகிறது என்று அந்த ரோட்டில் எப்போதும் ஒரு கண் வைத்திருப்பார்கள். நான் எடுத்துப் போட்டிருந்த கோணியில் நீலத்தில் அரசு முத்திரை. பார்சல் ஆபீஸில் வந்து விழுந்த பழைய பை. கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்த நான் முத்திரையைப் பார்க்கவில்லை.

ரோட்டோரக் கொட்டகையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நான் சொன்னது அவருக்கு ஏறவில்லை.

"அரிசி எங்கே போவுது?"

"எங்கேயும் போகலைங்க சார். திருப்பி வீட்டுக்குத்தான்."

"அப்புறம் எதுக்கு எடுத்துட்டு வர்றீங்க?"

"பயிற்சிக்குங்க."

"அரிசிக்கா?"

"எனக்கு."

கையை விட்டு ஓர் அள்ளு அள்ளிப் பார்த்தார். "சார், இது பொன்னி. கடையில வாங்கினது" என்றேன். "பாலிஷ் போட்டா எல்லாம் பொன்னிதான்" என்றார். பக்கத்திலிருந்தவர், இந்த ஆள் பத்துப் பதினைந்து நாளாகவே மூட்டையும் கையுமாகத்தான் திரிகிறான் என்று எடுத்துக் கொடுத்தார். உண்மைதான். தெரிந்தவர் யாரையாவது வந்து சொல்லச் சொல்லுங்கள் என்றார்கள். மேனேஜர் போனை எடுக்கவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு நம்பர் ஒன்றே ஒன்றுதான்.

நடந்து வருகிற தூரமில்லை. ஆட்டோ பிடிப்பார் என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்துக்கெல்லாம் ஒரு பஸ் வந்து நின்றது. பஸ்ஸிலிருந்து தையல்நாயகி இறங்கினார். இறங்கியவர் நேரே புளியமரத்தின் பின்னால் போனார். குனிந்து நின்ற முதுகுதான் தெரிந்தது. நான் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். வாய் கொப்பளித்து, முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் எங்கள் கவுண்டரில் கேட்கிற அதே குரல்.

"சார், இவர் புக்கிங் கிளார்க்கு. அடுத்தவங்க சாமான்ல ஒரு நூலைத் தொடமாட்டார்."

"இருக்கட்டும்மா. இந்த அரிசி எதுக்கு ஊர்கோலம் போவுது? அதைச் சொல்லுங்க."

"அது அரிசி இல்லைங்க சார்" என்றார் தையல்நாயகி. "அது நான்."

எனக்கு ரோட்டைத் தாண்டி வயலுக்குள் ஓடிவிடலாமா என்று இருந்தது.

"எனக்குப் பஸ் ஒத்துக்காது. சைக்கிள்ல கூட்டிட்டுப் போவணும்னு மனசுல நெனைச்சிருக்கார். வாயைத் தொறந்து கேக்க தைரியம் இல்ல. கீழ போட்டுடுவோமோன்னு பயம் வேற. அதனால என் எடைக்கு மூட்டை கட்டிப் பழகிட்டிருக்கார். எடை போட்டுப் பாருங்க, அம்பத்தெட்டு இருக்கும். நானும் அம்பத்தெட்டு."

பிடித்த அரிசியை நிறுக்க அவர்களிடமே தராசு இருந்தது. போட்டார்கள். ஐம்பத்தெட்டு. அதிகாரி சைக்கிளிடம் போனார். மஞ்சள் சீட்டு, வளையம், சேலை கார்டு, கால் பலகை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கண்ணில் நீர் வர, சிரிக்க ஆரம்பித்தார். கொட்டகையே சிரித்தது. தையல்நாயகியும்தான். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூட்டையை நாங்க காய்கறி வண்டியில ஏத்தி உங்க ஆபீஸுக்கு அனுப்புறோம் சார். நீங்க ஏத்த வேண்டியதை ஏத்திட்டுக் கிளம்புங்க" என்றார். அவரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தையல்நாயகியை ஏற்றிவிட்டார்.

ஆக்கூரிலிருந்து வீடு வரை அவரை வைத்து மிதித்துக்கொண்டு வந்தேன். அரிசிக்கும் இவருக்கும் எவ்வளவோ வித்தியாசம். திருப்பத்தில் அரிசி தானாகச் சாயாது, இவர் சாய்ந்தார். செம்பனார்கோயில் பக்கம் மடையில் மீன்கொத்தி உட்கார்ந்திருப்பதைக் காட்டினார். அரிசி அதெல்லாம் காட்டியதில்லை. பள்ளம் வந்தபோது நான் சொல்வதற்குள் அவரே பிடித்துக்கொண்டார்.

எனக்காகப் பஸ்ஸில் வந்திருக்கிறார். இன்று இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

டிசம்பர் 30

அரிசி பத்திரமாக வந்து சேர்ந்தது. வாழ்நாளில் எனக்கு வந்த முதல் பார்சல். இத்தனை நாள் ஊர் சுற்றிய அரிசி, சோறு உதிரி உதிரியாக நன்றாக வந்தது.

ஜனவரி 6

இப்போது காலையில் கூறைநாட்டில் ஏற்றிக்கொண்டு வருகிறேன், சாயங்காலம் இறக்கிவிடுகிறேன். டீக்கடையில் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர்களாகவே சிரித்துக்கொள்கிறார்கள். ஜலால் பாய் கடையைத் தாண்டும்போது வேண்டுமென்றே சுத்தியலால் இரும்பில் ரெண்டு தட்டுத் தட்டுகிறார். தையல்நாயகி அவருக்குக் கை காட்டுகிறார். இவர்களுக்கு எப்படிப் பழக்கம் என்று தெரியவில்லை.

ஜனவரி 9

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. போகாதீர்கள். அவ்வளவுதான். இன்று சொல்லிவிடுவது என்று கிளம்பினேன்.

"மேடம்" என்றேன்.

"என்ன சார்?"

"செயினுக்கு எண்ணெய் போடணும்."

"போடுங்க சார்" என்றார்.

ஜனவரி 15

பொங்கல். மகன் வந்துவிட்டான். கடைத்தெருவில் தாயும் பிள்ளையுமாகக் கரும்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல பிள்ளை, என்னைப் பார்த்துக் கும்பிட்டான். காணும் பொங்கலுக்குக் கடல் பார்க்கப் போகலாம் சார், டயரில் காற்று பாருங்கள் என்று தையல்நாயகி அவன் எதிரிலேயே சொன்னார். டிக்கெட் 19ஆம் தேதிக்கு அப்படியேதான் இருக்கிறது. நான் கேட்கவில்லை, அவனே சொன்னான்.

ஜனவரி 17, சனி, காணும் பொங்கல்

விடிந்ததும் கிளம்பினோம். கைப்பையில் புளியோதரை, ஹேண்டில்பாரில் தண்ணீர். அவர் வழக்கமான சேலையில் இல்லாமல் சுடிதாரில் வந்தார். சேலை கார்டுக்கு வேலையில்லாமல் போயிற்றே என்று ஒரு கணம் வருத்தமாக இருந்தது.

திருக்கடையூரில் எப்போதும் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணக் கூட்டம். கழுத்தில் மாலையோடு வயதான மாப்பிள்ளைகளும் பெண்களும் தெருவெல்லாம் நின்றார்கள். ஏற்பாடு செய்துகொடுக்கிற ஆள் ஒருவர் எங்கள் சைக்கிளோடு கூடவே ஓடிவந்தார். "ஐயா, அறுபதா எழுபதா? நம்ம மண்டபம் இருக்கு, மேளம் இருக்கு!" எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பின்னாலிருந்து, "எங்களுக்கு இன்னும் அவ்ளோ வயசாவலைங்க!" என்று பதில் போயிற்று.

கடலைப் பார்த்தார். இந்த முறை தலை நிமிர்ந்து பார்த்தார். அங்கே கோட்டை கட்டின டேனிஷ்காரன் மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டைக்கு முன்னால் நின்று, "எவ்ளோ பெருசா இருக்கு சார்!" என்று சின்னப்பிள்ளை போலச் சொன்னார். புளியோதரை தின்றோம். அலையில் காலை நனைத்தோம். சொல்ல வந்த வார்த்தை தொண்டை வரை மூன்று தடவை வந்து திரும்பிவிட்டது.

கிளம்பும் நேரம். நான் ஸ்டாண்டை எடுத்தேன். அவர் முன்சீட்டின் கீழே கைவிட்டு, பாய் வைத்த கைப்பிடியை ஒரு திருகு திருகி, சீட்டைத் தன் உயரத்துக்கு இறக்கினார். "கடல்காத்து முதுகுல தள்ளுது. வரும்போது நீங்க மிதிச்சீங்க. ஆக்கூர் வரைக்கும் நான்."

"மேடம், உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"குத்தாலத்துல பத்தாவது வரைக்கும் சைக்கிள்லதான் பள்ளிக்கூடம் போனேன். நீங்கதான் கேக்கவே இல்லையே சார். மூட்டை கட்டத்தான் தெரிஞ்சுது."

அந்தச் சரிந்த கம்பியைத் தாண்டிக் காலைப் போட்டுச் சட்டென்று ஏறிக்கொண்டார். நான் பின்னால் உட்கார்ந்தேன். கால் பலகை ஒரு பக்கம் மட்டும்தானே? நானும் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருக்களித்துத்தான் உட்கார வேண்டியிருந்தது. பலகை அவர் கால் அளவுக்கு வைத்தது. என் முழங்கால் மோவாயில் முட்டியது. சேலை கார்டு என் வேட்டியைக் காப்பாற்றிக் கொடுத்தது. நவம்பரிலேயே பாயிடம் சொன்னேன், வேட்டியும் சிக்கும் என்று.

முதலில் லேசாக ஆடிற்று. அப்புறம் நேராகப் பிடித்துக்கொண்டது. பின்சீட்டிலிருந்து அவர் பின்னலும் இரண்டு பக்கமும் வயலும்தான் தெரிந்தன. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவருக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில் வாயைத் திறந்தேன்.

"போகாதீங்க" என்றேன்.

"என்ன சார்? காத்துல கேக்கல."

"போகாதீங்க!"

"இன்னும் சத்தமா!"

"ஓசூருக்குப் போகாதீங்க! இங்கயே இருங்க! எனக்கு நீங்க வேணும்!" என்று கத்தினேன். வரப்பில் நடந்துகொண்டிருந்த ஒருவர் தலைச்சுமையோடு அப்படியே நின்று திரும்பிப் பார்த்தார்.

அவர் பெல்லை இரண்டு தடவை அடித்தார். எதிரே ஒரு வண்டியும் இல்லை.

"ஓசூர் ஒரே மேடாம் சார். இந்த சைக்கிளை அங்க மிதிக்க முடியாது" என்றார். "மார்கழி பொறக்கறதுக்கு முந்தியே அதை யோசிச்சுட்டேன். கடையில மஞ்சள் சீட்டைப் பார்த்தன்னைக்கே. ஜலால் பாயிகிட்ட அந்தக் கம்பியை அறுத்து இறக்கச் சொன்னது வேற யாரு?"

"அப்ப டிக்கெட்?"

"கேன்சல் பண்ண எவ்ளோ நேரம் ஆவும்? நீங்க சொல்றீங்களான்னு கடைசி வரைக்கும் பார்த்துட்டிருந்தேன். லேட்டா வந்தாலும் பரவால்ல, வந்தா சரின்னு."

ஆக்கூர் முக்கூட்டில் அந்த ஜீப் நின்றுகொண்டிருந்தது. அதிகாரி எங்களை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றார். முன்னால் மிதித்து வருகிற அவரையும், பின்னால் மோவாயை முழங்காலில் வைத்து ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிற என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா, இன்னைக்கு என்ன லோடு?" என்று கத்தினார்.

"எடை போடலைங்க!" என்று சொல்லிக்கொண்டே தையல்நாயகி நிற்காமல் போனார்.

ஆக்கூர் வரைதான் என்றவர் வீடு வரை இறங்கவில்லை. எனக்கு முழங்கால் இன்னும் வலிக்கிறது. நாளைக்கு ஜலால் பாய் கடை திறந்ததும் கால் பலகைக்கு இன்னொரு ஓட்டை, கொஞ்சம் கீழே, போடச் சொல்ல வேண்டும்.